ஆசனவாய்–மலக்குடல் மெலனோமா: அறிதலும் சிகிச்சையும் வளர்ந்த வரலாறு

ஆசனவாய்–மலக்குடல் மெலனோமா என்பது பெருங்குடலின் கடைசிப் பகுதியான மலக்குடலிலோ, அதன் வாயிலாகிய ஆசனவாய்க் குழாயிலோ தோன்றும் அரிய புற்றுநோய் ஆகும். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் கருநிறம் தரும் நிறமிச் செல்களிலிருந்து இது பிறக்கிறது. இதைக் 'கருநிறமிப் புற்று' என்றும் சொல்லலாம். உலகம் முழுவதும் இந்நோய் அரிதாகவே காணப்படுகிறது. ஆனால் வந்துவிட்டால் வேகமாகப் பரவும். பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐந்து ஆண்டுகளைக் கடப்பதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளங்களில் தொடங்கி, பொம்மையார்பாளையம் மீனவர் குடியிருப்பைத் தொட்டுப் புதுச்சேரி வரை செல்லும் கடலோரத்தில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. 1823இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இக்கரைக்கு மிக அருகில் உள்ளது. எனினும் இந்நோயைப் பொறுத்தவரை மருத்துவமனையின் தொலைவை விட, நோயாளி அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் காலமே முக்கியமானது. மலத்துடன் ரத்தம் போனால் 'மூலம்' என்று முடிவு செய்து மாதக்கணக்கில் காத்திருப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இந்நோயின் வரலாறு பெரிதும் அந்தக் காத்திருப்பின் வரலாறாகவே இருக்கிறது.

நோய் தோன்றும் இடம்

ஆசனவாய்க் குழாய் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் நீளம் உடையது. அதன் நடுப்பகுதியில் பல் வரிசை போன்ற ஒரு வளைவுக் கோடு உண்டு. உடற்கூற்றியலார் அதைப் 'பற்கோடு' என்பர். இக்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதி தோலைப் போன்றது. வலியை நன்றாக உணரும். கோட்டுக்கு மேலே உள்ள பகுதி குடலின் உட்சவ்வைப் போன்றது; வெட்டினாலும் வலி அவ்வளவாகத் தெரியாது. ஆகவே கோட்டுக்கு மேலே ஒரு கட்டி வளர்ந்தால் நீண்ட காலம் வலி இல்லாமலே இருக்கக்கூடும். வலி இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

நிணநீர் ஓட்டமும் இக்கோட்டில் இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்பகுதியின் நிணநீர் தொடை இடுக்கில் உள்ள கணுக்களுக்குச் செல்கிறது. மேற்பகுதியின் நிணநீர் இடுப்புக் குழிக்குள் இருக்கும் கணுக்களுக்குச் செல்கிறது. எனவே இந்நோய் இரு திசைகளிலும் பரவக்கூடும். தொடை இடுக்கில் நெறி கட்டினால் மருத்துவர் ஆசனவாயையும் சோதிப்பது இதனால்தான்.

நிறமிச் செல்கள் தோலில் மட்டும் இருப்பவை அல்ல. கரு வளரும்போது நரம்பு மண்டலம் உருவாகும் இடத்திலிருந்து அவை புறப்பட்டு உடலின் பல பகுதிகளுக்கும் சென்று குடியேறுகின்றன. மூக்கின் உட்புறம், வாய், பெண் உறுப்பு, ஆசனவாய் ஆகிய இடங்களின் சவ்வுகளிலும் அவற்றைக் காணலாம். அங்கே தோன்றும் புற்றுகள் 'சவ்வு மெலனோமா' என்று ஒன்றாகத் தொகுக்கப்படுகின்றன. 1998இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரும் ஆய்வு 84,836 மெலனோமா நோயாளிகளின் பதிவுகளைத் தொகுத்தது. அவற்றில் சவ்வு மெலனோமா 1.3 விழுக்காடு மட்டுமே. அந்த 1.3 விழுக்காட்டிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் ஆசனவாய், மலக்குடல் பகுதியைச் சேர்ந்தது.

வெயிலும் தோல் நிறமும்

மெலனோமா என்றவுடன் வெயில் நினைவுக்கு வருவது இயல்பு. வெள்ளைத் தோல் உடைய மக்களிடம் தோல் மெலனோமா மிகுதியாக இருப்பதற்குச் சூரியனின் புறஊதாக் கதிர்கள் முதன்மைக் காரணம். ஆனால் ஆசனவாயில் வெயில் படுவதில்லை. அங்கே தோன்றும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பு இல்லை. மரக்காணம் உப்பளத்தில் நாள் முழுவதும் வெயிலில் நின்று உப்பு வாருபவருக்கு இந்நோய் மற்றவரை விட அதிகமாக வரும் என்று கருத இடமில்லை. அதேபோல், கறுத்த தோல் இருப்பதால் இந்நோய் வராது என்று கருதவும் இடமில்லை.

சீனாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில் 522 மெலனோமா நோயாளிகளின் விவரங்கள் இடம்பெற்றன. அவர்களில் சவ்வு மெலனோமா உள்ளவர்கள் 22.6 விழுக்காடு. அமெரிக்காவின் 1.3 விழுக்காட்டுடன் ஒப்பிட்டால் ஆசிய மக்களுக்கு இந்நோய் பல மடங்கு அதிகமாக வருவது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. ஆசிய மக்களிடம் வெயிலால் வரும் தோல் மெலனோமா மிகக் குறைவு. ஆகவே மொத்த எண்ணிக்கை சுருங்கி, சவ்வு மெலனோமாவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. விழுக்காட்டைப் பார்க்கும்போது அது எதன் விழுக்காடு என்று கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயர் வந்த கதை

கறுப்பு நிறக் கட்டிகளைத் தனி நோயாக முதலில் விளக்கியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லென்னெக். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவரே. 1804இல் பாரிசில் ஆற்றிய உரையில் இந்நோயை 'மெலனோஸ்' என்று குறிப்பிட்டார். உரை 1806இல் அச்சில் வந்தது. கிரேக்க மொழியில் 'மெலஸ்' என்றால் கறுப்பு. 'மெலனோமா' என்ற சொல்லை 1838இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் கார்ஸ்வெல் வழங்கினார்.

ஆசனவாயில் தோன்றும் மெலனோமா பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1857இல் லண்டனின் 'லான்செட்' இதழில் வெளியானது. எழுதியவர் மூர் என்ற மருத்துவர். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். மூர் விவரித்த நோயாளி 65 வயது ஆண். ஆசனவாய் விளிம்பில் இருந்த கட்டி ஏற்கெனவே அகற்றப்பட்டிருந்தது; பிறகு மலக்குடலில் கறுப்புக் கட்டி மீண்டும் தோன்றியது. இந்நோயின் முதல் பதிவே, அறுத்து எடுத்த பிறகும் திரும்பி வந்ததைப் பற்றிய பதிவாக அமைந்தது. அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மருத்துவர்களைத் திணறடித்த கேள்வியும் இதுவே.

மூலம் என்ற சொல்லின் மறைவில்

ஆசனவாய் நோய்களைப் பற்றி இந்திய மருத்துவ நூல்கள் கூச்சமின்றி, விரிவாகப் பேசியுள்ளன. சுசுருத சம்கிதை மூல நோயைச் சோதிக்க ஒரு குழாய்க் கருவியைக் குறிப்பிடுகிறது. பசுவின் காம்பு வடிவமும் நான்கு விரல் நீளமும் கொண்ட அக்கருவி, இன்று மருத்துவர்கள் பயன்படுத்தும் புரோக்டோஸ்கோப்புக்கு முன்னோடி எனலாம். சித்த மருத்துவத்தில் யூகி முனிவரின் வைத்திய சிந்தாமணி மூல நோயை 21 வகையாகப் பிரிக்கிறது. ஆசனவாயைக் காட்டிச் சோதித்துக்கொள்வது வெட்கம் என்ற எண்ணம் பழைய மருத்துவ மரபிலிருந்து வந்ததன்று.

வழக்கில் 'மூலம்' என்ற ஒரே சொல் பல நோய்களுக்கும் பொதுவாக நிற்கிறது. ரத்தக் குழாய்கள் புடைத்து வரும் உண்மையான மூலம், ஆசனவாய் வெடிப்பு, பவுத்திரம், குடல் தசைமொட்டு, புற்றுநோய் என எது வந்தாலும் நோயாளி முதலில் சொல்வது மூலம் என்பதுதான். வெயில் வேலை செய்பவர்கள் இதற்கு 'உடம்புச் சூடு' என்று காரணமும் சொல்லிக்கொள்வர். மோர், இளநீர், வெந்தயம் என்று சில வாரங்கள் போகும். பிறகு மருந்துக் கடையில் களிம்பு வாங்குவர். அதன் பிறகு, சுவரொட்டியில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் போவோரும் உண்டு.

மெலனோமாவின் அறிகுறிகள் இந்த மயக்கத்தை வளர்க்கின்றன. மலத்துடன் ரத்தம் போவது, ஆசனவாயில் கட்டி தட்டுப்படுவது, மலம் கழித்த பின்னும் இன்னும் இருப்பது போன்ற உணர்வு, அரிப்பு, வலி ஆகிய அனைத்தும் மூலத்திலும் உண்டு. மூலத்துக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் அதுவும் கருநீலமாகத் தெரியும். மறுபுறம், ஆசனவாய் மெலனோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை நிறமி இல்லாமல் வெளிர் நிறத்தில் இருக்கின்றன. கறுப்பாக இருந்தால் ஆபத்து, சிவப்பாக இருந்தால் மூலம் என்று கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது.

இந்தியாவில் வெளியான நோயாளி அறிக்கைகளில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளி பல மாதங்கள் மூலத்துக்கு மருந்து எடுத்திருப்பார். சிலருக்கு மூல அறுவை சிகிச்சையும் நடந்திருக்கும். அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே புற்று என்று தெரியவந்திருக்கும். அகற்றிய திசுவைச் சோதனைக்கு அனுப்பாத இடங்களில் அந்த வாய்ப்பும் இல்லாமல் போகும். கண்டறியப்படும் நேரத்தில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நோய் கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறது.

நோயறிதல் வளர்ந்த விதம்

இந்நோயை அறியும் முதல் கருவி மருத்துவரின் விரல். கையுறை அணிந்து, வழுவழுப்பான பசை தடவி, ஆசனவாய்க்குள் ஒரு விரலை விட்டுப் பார்க்கும் சோதனை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். செலவு ஏதும் இல்லை. சாதாரண மூலம் மென்மையானது. விரலுக்கு அவ்வளவாகத் தட்டுப்படாது. கெட்டியான கட்டி தட்டுப்பட்டால் அடுத்த கட்டச் சோதனை தேவை. ஆசனவாய் மெலனோமாக்களில் பெரும்பாலானவை விரல் எட்டும் தூரத்திலேயே உள்ளன என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்தது குழாய்க் கருவிகள். அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் கெல்லி 1895இல் மலக்குடலின் உட்புறத்தை நேராகப் பார்க்கும் நீண்ட உலோகக் குழாய்களை அறிமுகம் செய்தார். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் ஆன வளையும் எண்டோஸ்கோப்பைச் செயல்படுத்திக் காட்டினார். அதன் வழியில் வந்த கொலோனாஸ்கோப் இன்று பெருங்குடல் முழுவதையும் காட்டுகிறது.

பார்த்தால் மட்டும் போதாது. ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய வேண்டும். பயாப்சி எனப்படும் இந்தத் திசுப் பரிசோதனையிலும் நீண்ட காலம் ஒரு சிக்கல் இருந்தது. நிறமி இல்லாத மெலனோமா நுண்ணோக்கியில் லிம்போமாவாகவோ சர்கோமாவாகவோ சாதாரணக் குடல் புற்றாகவோ தோற்றம் காட்டும். இதைத் தீர்த்தவை எதிர்ப்பொருள் சாயங்கள். 1975இல் ஜார்ஜ் கோலர், சீசர் மில்ஸ்டைன் ஆகிய இருவரும் ஒரே வகை எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் உருவாக்கும் வழியைக் கண்டனர். அதற்காக 1984இல் நோபல் பரிசு பெற்றனர். அதன் பயனாக, மெலனோமாவின் புரதங்களில் மட்டும் போய் ஒட்டி நிறம் காட்டும் சாயங்கள் கிடைத்தன. எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ, சாக்ஸ்-10 என்பவை இன்று நோயியல் ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படும் குறிகாட்டிகள். முன்பு 'என்ன புற்று என்று தெரியவில்லை' என்று எழுதப்பட்ட பல அறிக்கைகள் இவற்றால் தெளிவு பெற்றன.

புற்று உறுதியான பின், அது எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதை அறிய ஸ்கேன்கள் உதவுகின்றன. இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ., நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சி.டி., உடல் முழுவதற்கும் பெட் ஸ்கேன் எடுப்பர். கட்டியின் மரபணுச் சோதனை மிக அண்மையில் சேர்ந்தது. அதன் பயன் பின்னர் கூறப்படும்.

அறுவை சிகிச்சை: பெரிதாகிச் சிறிதான கதை

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவை மருத்துவர்களின் எண்ணம், புற்றைச் சுற்றி எவ்வளவு அதிகமாக வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதாக இருந்தது. 1907இல் லண்டனில் சாம்ப்சன் ஹேண்ட்லி மெலனோமாவைச் சுற்றிலும் அகலமாக அகற்ற வேண்டும் என்று உரையாற்றினார். மறு ஆண்டு, 1908இல், எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடல் புற்றுக்கு ஒரு புதிய அறுவையை வெளியிட்டார். ஆசனவாய் வழியாக மட்டும் புற்றை அகற்றிய தம் 57 நோயாளிகளில் 54 பேருக்கு நோய் திரும்பியதை அவர் கணக்கிட்டிருந்தார். ஆகவே வயிற்றின் வழியாகவும் ஆசனவாயின் வழியாகவும் சென்று மலக்குடல், ஆசனவாய், சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றினார். அதன் பின் நோயாளிக்கு இயற்கையான ஆசனவாய் இருக்காது. வயிற்றில் செய்யப்பட்ட திறப்பின் வழியே மலம் வெளியேறும். கொலஸ்டமி எனப்படும் இத்திறப்பில் ஒரு பையை வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டும்.

மைல்ஸ் அறுவை சாதாரண மலக்குடல் புற்றில் பல உயிர்களைக் காத்தது. அதனால் மெலனோமாவுக்கும் அதையே செய்தனர். ஆனால் மெலனோமா வேறு வகை. ஆசனவாயை முழுவதும் அகற்றிய பின்னும் பலருக்கு நோய் தொலைவில் உள்ள கல்லீரலிலோ நுரையீரலிலோ தோன்றியது. அறுவைக்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத செல்கள் ரத்தத்தின் வழியே போயிருந்தன.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன்–கெட்டரிங் மருத்துவமனை 64 ஆண்டுகளில் தான் கண்ட 85 நோயாளிகளின் வரலாற்றை 1995இல் வெளியிட்டது. ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 17 விழுக்காடு. நீண்ட காலம் வாழ்ந்த ஒரு சிலருள் பெரும்பாலோர் பெரிய அறுவை பெற்றவர்கள் என்பதால் அவ்வாய்வு பெரிய அறுவையை ஆதரித்தது. அதே மருத்துவமனை 2006இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு வேறு முடிவைத் தந்தது. கட்டியை மட்டும் சுற்றுத் திசுவோடு அகற்றியவர்களும் பெரிய அறுவை பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காலமே வாழ்ந்தனர். பிற நாடுகளின் பதிவேடுகளும் பொதுவாக இதை உறுதி செய்தன. நோய் மிக அரிது என்பதால் நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிடும் ஆய்வு நடத்த இயலவில்லை. பழைய பதிவுகளே சான்று.

இதனால் இன்று, கட்டியை முழுவதும் அகற்ற முடியும் என்றால் ஆசனவாயைக் காக்கும் சிறிய அறுவையே பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. கட்டி பெரிதாக இருந்தாலோ, மூடு தசையைப் பிடித்திருந்தாலோ மைல்ஸ் அறுவை இன்றும் தேவைப்படுகிறது. இங்கே காலத்தின் மதிப்பு தெளிவாகத் தெரிகிறது. நெல்லிக்காய் அளவில் கண்டறியப்படும் கட்டிக்குச் சிறிய அறுவை போதுமாகலாம். அதே கட்டி ஆறு மாதம் மூலம் என்று விடப்பட்டால் வயிற்றில் பை அணிந்து வாழும் நிலை வரலாம்.

கதிரும் மருந்தும்

மெலனோமா கதிர்வீச்சுக்கு எளிதில் அடங்காது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. கதிரை நாள்தோறும் சிறு அளவில் கொடுப்பதற்குப் பதில், குறைந்த தவணைகளில் பெரிய அளவாகக் கொடுத்தால் ஓரளவு பலன் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில், சிறிய அறுவைக்குப் பிறகு ஐந்து தவணைகளில் 30 கிரே கதிர் கொடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. அது கட்டி அதே இடத்தில் திரும்புவதைக் குறைத்தது. தொலைவில் பரவுவதைத் தடுக்கவில்லை.

மருந்துகளில் டகார்பசின் 1975இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அடுத்த 35 ஆண்டுகளுக்கு மெலனோமாவின் முதன்மை மருந்து அதுவே. பத்துப் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே கட்டி சுருங்கியது, அதுவும் நீடிக்கவில்லை.

2006இல் ஒரு புதிய வழி திறந்தது. சவ்வு மெலனோமாக்களில் 39 விழுக்காட்டில் 'கிட்' என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். வேறு ஒரு ரத்தப் புற்றுக்குப் பயன்பட்ட இமாட்டினிப் என்ற மாத்திரை இந்த மரபணுவின் செயலையும் தடுக்கக்கூடியது. கிட் மரபணு மாற்றம் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இம்மாத்திரையால் கட்டி சுருங்கியது. கட்டியின் மரபணுச் சோதனை இந்நோய்க்குத் தேவைப்படுவது இதனால்தான்.

இமாட்டினிப் இந்தியாவில் மலிவாகக் கிடைப்பதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. இம்மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. இந்திய நிறுவனங்கள் குறைந்த விலையில் இம்மாத்திரையைத் தொடர்ந்து செய்ய வழி உறுதியானது.

இதைவிடப் பெரிய மாற்றம் எதிர்ப்பாற்றல் சிகிச்சையால் வந்தது. உடலின் டி-செல்கள் புற்றுச் செல்களைத் தாக்கும் திறன் உடையவை. ஆனால் அவை எல்லை மீறாமல் இருக்க உடல் அவற்றுக்குத் தடைகளை வைத்திருக்கிறது. வண்டியின் பிரேக்கைப் போன்ற அத்தடைகளைப் புற்று தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகியோர் இத்தடைகளைத் தளர்த்தும் வழியைக் காட்டி 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வகையில் இபிலிமுமாப் 2011இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

சவ்வு மெலனோமாவில் இவற்றின் பலன் தோல் மெலனோமாவை விடக் குறைவு. 2017இல் வெளியான தொகுப்பாய்வின்படி, நிவோலுமாப் மட்டும் பெற்ற சவ்வு மெலனோமா நோயாளிகளில் 23.3 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. நிவோலுமாபும் இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 37.1 விழுக்காடு. தோல் மெலனோமாவில் இதே எண்கள் 40.9, 60.4. வெயிலால் வரும் தோல் மெலனோமாவில் மரபணுப் பிழைகள் மிகுதி. அதனால் அதை எதிர்ப்பாற்றல் எளிதில் அடையாளம் காண்கிறது. சவ்வு மெலனோமாவில் பிழைகள் குறைவு என்பது இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் முக்கியக் காரணம். ஆனாலும் டகார்பசின் காலத்துடன் ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றமே.

இம்மருந்துகளின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாபை, 20 மில்லிகிராம் வீதம், தலை–கழுத்துப் புற்று நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர். இது வேறு புற்றுக்கான ஆய்வு. மெலனோமாவுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. எனினும் விலையைக் குறைக்க மருந்தின் அளவையே ஆராயலாம் என்ற வழியை இந்திய மருத்துவர்கள் காட்டியுள்ளனர்.

தமிழகத்தில் புற்றுநோய் மருத்துவம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டது. புற்றுக்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்ற குரலை எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்தார். தானே மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க முடியாத துயரம் அவரை விடவில்லை. 1952இல் ஜவாகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கியது. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தனர். 1957இல் அங்கே கோபால்ட் கதிர்க் கருவி நிறுவப்பட்டது. தமிழகத்தின் முதன்மையான புற்றுநோய் நிலையம் தோன்றக் காரணமான மரணமும் இதே உடற்பகுதியில் வந்த புற்றினால் நேர்ந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

1969இல் காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஏற்பட்டது. 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டம் தொடங்கியது. சென்னைப் பதிவேடு அடையாறு நிலையத்தின் பொறுப்பில் நடைபெற்று வருகிறது. அரிய புற்றுகளை அறிய இத்தகைய பதிவேடுகள் இன்றியமையாதவை. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் இரண்டு மூன்று பேரைத்தான் காணக்கூடிய நோயைப் பற்றிப் பல ஊர்ப் பதிவுகளைச் சேர்த்தால்தான் எதையும் சொல்ல முடியும்.

புதுச்சேரியில் 1823இல் பிரெஞ்சு ஆட்சியினர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964இல் அது ஜிப்மர் என்ற பெயர் பெற்றது. 2002இல் அங்கே மண்டலப் புற்றுநோய் மையம் அமைந்தது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி ஜிப்மர் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது.

மரக்காணம் முதல் பொம்மையார்பாளையம் வரை

பொம்மையார்பாளையம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த கடலோர ஊர். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் இங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவிலேயே உள்ளது. வடக்கே காலாப்பட்டில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி சுமார் 35 கிலோமீட்டர். 2010இல் விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. அரிய புற்றுக்கு வேண்டிய சோதனைகள் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் கிடைக்கும் கரை இது.

ஆனால் உப்பள வேலையும் மீன்பிடி வேலையும் நாள் கூலியையும் அன்றன்றைய பாட்டையும் நம்பியவை. ஒரு நாள் மருத்துவமனையில் நின்றால் அந்த நாளின் வருமானம் போகும். உப்பு விளையும் கோடைப் பருவத்தில் விடுப்பு எடுப்பது இன்னும் கடினம். உப்பளங்களில் கழிப்பறை வசதி குறைவு என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். அதனால் மலச்சிக்கலும் மூலமும் வருவது உண்மையே. அதனாலேயே ரத்தம் போனால் வேறு நோயை யாரும் நினைப்பதில்லை. ஆண் மருத்துவரிடம் காட்ட வேண்டுமே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. பெண் மருத்துவரோ செவிலியரோ உடன் இருக்க வேண்டும் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டங்கள் பெரும்பாலும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையே நோக்கமாகக் கொண்டவை. மிகுதியாக வரும் புற்றுகளை முதலில் தேடுவது சரியான முறையே. அதனால் ஆசனவாய் மெலனோமாவை எந்த முகாமும் தேடி வந்து கண்டுபிடிக்காது. நோயாளி வாய் திறந்து சொல்வதும், மருத்துவர் விரலால் சோதிப்பதும் மட்டுமே வழி. கண்டறியப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சைகள் இடம்பெற்றுள்ளன.

கவனிக்க வேண்டியவை

மலத்துடன் ரத்தம் போகும் பெரும்பாலோருக்கு இருப்பது மூலமோ வெடிப்போதான், மெலனோமா அன்று. அஞ்சத் தேவையில்லை. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் ஒருமுறை மருத்துவரிடம் ஆசனவாயைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

• இரண்டு மூன்று வாரங்களாகியும் நிற்காத ரத்தப்போக்கு
• நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் 'மூலம்'
• கெட்டியாகத் தட்டுப்படும், நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி
• மலம் கழிக்கும் பழக்கத்தில் காரணமில்லாத மாற்றம்
• தொடை இடுக்கில் வலியில்லாத நெறி
• உணவு குறையாமலே உடல் மெலிதல்

மூலம் என்று சொல்லி அறுவை செய்யப்பட்டால், அகற்றிய திசு நுண்ணோக்கிச் சோதனைக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்டு, அந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

1857இல் மூர் கண்ட நோயாளிக்குக் கத்தியைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. இன்று மரபணு மாத்திரையும் எதிர்ப்பாற்றல் மருந்தும் உள்ளன. இருந்தும் அவற்றில் எதுவும், கட்டி சிறிதாக இருக்கும்போது கண்டறிவதற்கு ஈடாகவில்லை. அதற்குத் தேவைப்படும் விரல் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடியது.